விதைக்கு விட்டது

அகுவா ஃபிரியா
28 ஏப்ரல் 1957

ரெமிஹியோ,

பதினொரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் அத்தானின் அடக்கத்துக்கு நீ மண் மூடிய பிறகு வந்து சேர்ந்தாய். ஒரு மலைச்சிங்கத்தின் பின்னால் போயிருந்தேன் என்றாய். அன்று கோபத்தில் நாலு வார்த்தை சொன்னேன். அதில் மூன்றை இன்றைக்கும் சொல்வேன். நான்காவதை வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எனக்கு உன் உதவி தேவைப்படுகிறது.

இங்கே மலைச்சிங்கம் இறங்கிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை ஒரே இரவில் பதினான்கு ஆடுகள். ஒன்றைத்தான் தின்றிருக்கிறது. அதையும் பாதியில் விட்டு மேலே புல்லைப் பறித்துப் போட்டு மூடியிருக்கிறது. மற்றதெல்லாம் கழுத்தில் இரண்டு பல்தடம், அவ்வளவுதான். பசிக்குத் தின்றால் ஒரு ஆட்டை எடுத்துக்கொள் என்று நானே வழிவிடுவேன். இது பசி இல்லை.

என் நிலைமை உனக்குத் தெரியாததல்ல. நில அனுமதி இன்னும் செத்துப்போன மனிதர் பெயரில் இருக்கிறது. நவம்பரில் ஆய்வாளர் வந்து எண்ணும்போது அடையாளத்துக்குக் காது வெட்டிய ஆடுகள் இருநூறு இருந்தால் என் பெயருக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் நிலம் அரசாங்கத்துக்குப் போகும், அங்கிருந்து நேராக உன் முதலாளி லோகன் துரையின் மடிக்குப் போகும். என் ஊற்றின் மேல் அவர் பத்து வருடமாகக் கண் வைத்திருக்கிறார். இந்த வீட்டின் ஒவ்வொரு பலகையையும் உன் அத்தான் பெலிசாரியோ மாட்டுவண்டியில் நூற்றைம்பது மைல் தள்ளியிருந்து கொண்டுவந்தார். அதைத் துரையின் ஆட்கள் பிரித்து எரிப்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

இப்போது இருநூற்று நாற்பத்தெட்டு நிற்கின்றன. ஜூன் குளிருக்கு ஒரு மாதம் இருக்கிறது, மேட்டுச் சமவெளியில் இன்னும் பனி விழவில்லை. குதிரையில் இரண்டு நாள். உன் வேட்டை நாய்களோடு வா.

அக்கா


ரின்கோன் லார்கோ பண்ணை
12 மே 1957

அக்கா,

லாரிக்காரன் உன் கடிதத்தைக் கொடுத்தபோது யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நீ பேனா எடுத்தால் அப்படித்தானே. படித்ததும் மனசு கொஞ்சம் லேசானது, பிறகு கனத்துவிட்டது.

உடனே கிளம்பத்தான் ஆசை. ஆனால் துரையிடம் கேட்டதற்கு, "உன் அக்கா ஆடுக என் கணக்குல வராது ரெமிஹியோ, என் பண்ணையில திரியிறத முதல்ல முடி" என்று சொல்லிவிட்டார். மேலே கணவாயும் எந்த நாளும் மூடிவிடும். போய்விட்டுத் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டால் வசந்தம் வரைக்கும் உன் சமையலைத்தான் தின்ன வேண்டும். அதற்குச் சிங்கமே மேல்.

விளையாட்டு போகட்டும். சொல்வதைக் கேள். இருட்டுவதற்கு முன் எல்லா ஆட்டையும் கல் தொழுவத்துக்குள் அடைத்துவிடு. நாலு மூலையிலும் ராந்தல் கட்டு. பழைய தகரத்தைக் காற்றில் அடிபடும்படி தொங்கவிடு. அது மூடி வைத்த ஆட்டை எடுத்துப் புதைத்துவிடாதே, இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கு அந்தப் பக்கம் போடு. திரும்பி வந்தால் அங்கே தின்றுவிட்டுப் போகட்டும். இடது முன்காலில் வெளிப்பக்க விரல் இல்லாத தடமா என்று மட்டும் பார்த்து எழுது.

இது பெரும்பாலும் மலையில் மேய்கிற குவானாக்கோ மந்தையோடு இறங்கி வந்திருக்கும். மந்தை மேலே ஏறினால் அதுவும் ஏறிவிடும். பத்து நாள் பொறுத்துப் பார். ஆட்டுக்காகக் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை நீ, எனக்குத் தெரியும்.

என் நாய் போல்வராவுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் ஒரு வாரப் பழைய தடத்தையும் மூக்கை உயர்த்தாமல் பிடிக்கிறாள். இந்தப் பண்ணையில் எனக்கு மரியாதை கொடுக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

ரெமிஹியோ


அகுவா ஃபிரியா
1 ஜூன் 1957

ரெமிஹியோ,

ஆமாம். இடது முன்கால், வெளிப்பக்க விரல் இல்லை. ஓடைச் சேற்றில் அச்சு வார்த்த மாதிரி இருக்கிறது. நான் தடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே, மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? மந்திரம் கற்றுக்கொண்டாயா?

அது மேலே ஏறவில்லை. உன் பத்து நாளில் ஒன்பது ஆடுகளைக் கொன்றது. உடன் இரண்டு சின்னத் தடங்களும் வருகின்றன. தாய். குட்டிகளுக்குக் கொல்லப் பழக்குகிறது, பாடசாலை என் தொழுவத்தில்.

மாவும் குடிப்பதற்கு மாத்தே இலையும் வாங்கச் சாலைக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார நசீப்பிடம் கணவாய் மூடிவிட்டதால் தம்பி வரவில்லை என்றேன். நசீப் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூடிருச்சா? இருபதாந்தேதி குதிரை வியாபாரி அந்த வழியாத்தானே வந்தான். சேறுதான் கிடந்துச்சுன்னான்" என்றார். நான் உப்பு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது நிஜமாகவே மூடிவிட்டது. நேற்று மாலையிலிருந்து விடாமல் பனி. இனி நீ வர நினைத்தாலும் வர முடியாது. உனக்கு அந்தக் கவலை தீர்ந்தது.

அக்கா


ரின்கோன் லார்கோ
27 ஜூன் 1957

அக்கா,

குதிரை வியாபாரி ஒரு பொய்யன். அவன் விற்ற குதிரைகளின் வயதைக் கேட்டாலே தெரியும். சரி, சேறாகவே இருந்திருக்கட்டும். மூன்று நாய்களோடும் பொதிக்குதிரையோடும் போகிறவனுக்கும் தனியாகப் போகிறவனுக்கும் வித்தியாசம் இல்லையா?

அந்த விரல் விஷயம் ஒன்றும் மந்திரம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே செங்குத்துப் பாறையில் நாய்கள் அவளை மடக்கின. சண்டையில் விரல் போனது. நான் ஏறிப் போவதற்குள் பாறை இடுக்கில் புகுந்து தப்பிவிட்டாள். அதனால்தான் கேட்டேன். தப்பவிட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா, அதனால் முதலில் எழுதவில்லை.

ஆகஸ்டில் எப்படியாவது வருகிறேன். துரை என்ன சொன்னாலும் சரி. நீ தொழுவச் சுவரை இன்னும் இரண்டு கல் உயர்த்து. உன் கைகளைப் பார்த்துக்கொள், போன முறை விரல் நுனிகள் வெடித்திருந்தன. ஆட்டுக் கொழுப்பைத் தடவு.

நான் வருகிறேன் என்றால் வருவேன்.

ரெமிஹியோ


அகுவா ஃபிரியா
4 ஆகஸ்ட் 1957

சுவரை உயர்த்தினேன். இரண்டு கல் இல்லை, மூன்று. அது உதவவில்லை.

ஜூலை கடைசியில் மூன்று நாள் பனிப்புயல். வீட்டு வாசலிலிருந்து தொழுவம் நாற்பது அடி. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பியும் போய்ச் சேர முடியவில்லை. காற்று பனியை வாரி வடக்குச் சுவரில் சாய்வாகக் குவித்துவிட்டது, படி கட்டி வைத்த மாதிரி. அது நடந்தே உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் நாள் மதியம் காற்று நின்றது. உள்ளே போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்று. உயிரோடிருந்தவை செத்தவற்றின் மேல் ஏறி மூலையில் நின்றுகொண்டிருந்தன, சத்தமே இல்லை. ஆடு கத்தாமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இருநூற்று எட்டு மிச்சம். நவம்பருக்கு மூன்று மாதம் இருக்கிறது.

தோலை உரிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது. அழவில்லை, நீ சொன்னது சரிதான். ஆனால் ஒன்று சொல்கிறேன், ரெமிஹியோ. வேலை செய்துகொண்டே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன், வாய்விட்டு, நீ பக்கத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பது போல. அவ்வளவுதான் எனக்கு இங்கே பேச்சுத்துணை.

வந்துவிடு.

அக்கா


ரின்கோன் லார்கோ
30 ஆகஸ்ட் 1957

அக்கா,

வந்தேன். நம்ப மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதி கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி துரையிடம் சொல்லாமல் கிளம்பினேன். முதல் நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் மேலே பனி குதிரையின் மார்பு வரைக்கும். மேலோடு உறைந்திருந்ததால் நாய்களின் பாதமெல்லாம் அறுந்து ரத்தம். இரண்டு சின்ன நாய்களும் நடக்க முடியாமல் படுத்துவிட்டன. ஒன்றைச் சேணத்தில் தூக்கி வைத்தேன், அது அங்கேயே விறைத்துப்போனது. மற்றதைத் திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. உன் பக்கத்துச் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது, அக்கா. புகை கூடத் தெரிந்தது, அது உன் வீட்டுப் புகைதான். அங்கிருந்து திரும்பினேன்.

போல்வரா பிழைத்துக்கொண்டாள். என் காது இரண்டும் தோல் உரிந்து கிடக்கின்றன. துரை திட்டவில்லை. அக்டோபரில் லாரியில் சுற்றிப் போக இரண்டு வாரம் விடுப்பு தருவதாகச் சொன்னார். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டதாம்.

மே மாதத்திலேயே வந்திருக்க வேண்டும். அதை மட்டும் இப்போதைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ரெமிஹியோ


அகுவா ஃபிரியா
2 நவம்பர் 1957

ரெமிஹியோ,

நீ லாரி ஏறிப் போன ஐந்தாம் நாள் பத்துத் தாயாடுகள் செத்துக் கிடந்தன. இடது முன்கால், வெளிப்பக்க விரல் இல்லை.

நீ இங்கே பன்னிரண்டு நாள் இருந்தாய். நன்றாகத் தின்றாய், என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே. கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தாய். பதினோராம் நாள் ஒரு தோலைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்து, "இதான் அக்கா அது. இனிமே நிம்மதியா தூங்கு" என்றாய். நாலு பாதமும் வெட்டப்பட்டிருந்தன. எங்கே என்று கேட்டேன். நாய்கள் கடித்துக் குதறிவிட்டன என்றாய். நாய்கள் என்று என்ன நாய்கள், ஒரு கிழட்டுப் போல்வரா, அதற்குப் பாதிப் பல் கிடையாது.

அந்தத் தோலில் முலைக்காம்பு இல்லை. ஆணின் தோலை ஒரு ஆட்டுக்காரி முன்னால் விரித்துத் தாய் என்று சொல்ல உனக்கு எப்படித் தைரியம் வந்தது? பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. நீ அவ்வளவு ஆசையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பொரித்த ரொட்டி போட்டுக் கொடுத்தேன்.

அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதும் உண்மை. ஆண்டவனுக்கே வெளிச்சம், ஏன் என்று.

இருபதாம் தேதி ஆய்வாளர் வருகிறார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு நிற்கின்றன. நசீப் இரண்டு கிடாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி ஒன்றுகூடச் சாகாமல் இருக்க வேண்டும்.

எதையோ மறைக்கிறாய். இப்போதாவது எழுது.

அக்கா


ரின்கோன் லார்கோ
16 நவம்பர் 1957

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், குடித்தாலும் சொல்ல மாட்டார்கள். எந்த மலையிலும் கடைசித் தாய்ச்சிங்கத்தைக் கொல்வதில்லை. ஒன்றை விதைக்கு விட்டுவைப்போம், தோட்டத்தில் ஒரு பூசணியை விதைக்கு விடுவது போல. சிங்கம் இருந்தால்தான் சிங்கக்காரனுக்குச் சோறு. ஒன்றுமில்லாமல் துடைத்துவிட்டால் அடுத்த மாதமே பண்ணை அவனை அனுப்பிவிடும். வடக்குப் பண்ணையில் வேலை பார்த்த உலீசஸை உனக்கு நினைவிருக்கும், அத்தானோடு சீட்டாட வருவானே. அவன் நேர்மையாக எல்லாவற்றையும் கொன்றான். கடைசியில் கம்பளிக் கிடங்கில் நாய்களோடு படுத்துக் கிடந்து செத்தான்.

மூன்று வருடத்துக்கு முன் என் இரும்புப் பொறியில் ஒரு இளம் தாய் மாட்டினாள். இடது முன்காலின் வெளி விரல் மட்டும் பற்களுக்கு நடுவில். சினையாக இருந்தாள். போல்வராவைக் கட்டிப்போட்டுவிட்டு, பொறியைக் கம்பியால் நெம்பித் திறந்துவிட்டேன். விரல் பொறியிலேயே நின்றுவிட்டது. பாறைச் சண்டை என்று நான் எழுதியதெல்லாம் புளுகு. வருடா வருடம் அவளுடைய குட்டிகள் பெரிதானதும் தோலை உரித்துத் துரையிடம் கொடுத்தேன். அவளைத் தொடவில்லை. துரை என்னைக் கெட்டிக்காரன் என்றார்.

அவளை இங்கே வைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அவளுக்கு வேலியா தெரியும்? என் பக்கம் நாய்த் தொல்லை என்று தெரிந்துகொண்டு உன் பக்கம் இறங்கிவிட்டாள்.

மே மாதத்தில் கணவாய் திறந்துதான் இருந்தது. குதிரைக்குச் சேணம் போட்டு வெளியே நிறுத்தியும் விட்டேன். அவளைக் கொன்றுவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வது என்று வாசலில் நின்று யோசித்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, வேறு எந்த வேலையும் தெரியாது. அக்காவிடம் இருநூற்று நாற்பத்தெட்டு இருக்கிறதே, கொஞ்சம் போனால் என்ன என்று தோன்றியது. இதைத்தான் எழுத முடியாமல் கிழித்தேன். சேணத்தைக் கழற்றிவிட்டேன்.

அக்டோபரில் நிஜமாகவே கொல்லத்தான் வந்தேன். பன்னிரண்டு நாளும் அவள் தடத்திலேயே கிடந்தேன். போல்வராவின் மூக்கு போய்விட்டது, தனியாக ஒரு கிழட்டு நாயால் என்ன முடியும்? குறுக்கே வந்த ஒரு ஆணைத்தான் சுட முடிந்தது. உன் முகத்தைப் பார்த்து வெறுங்கையோடு நிற்க முடியாமல் பாதங்களை வெட்டி எறிந்தேன்.

திட்டி எழுது. என்ன எழுதினாலும் சரி, ஏதாவது எழுது.

ரெமிஹியோ


அகுவா ஃபிரியா
15 டிசம்பர் 1957

ரெமிஹியோ,

திட்டுவதற்கு ஒன்றும் புதிதாக இல்லை. எனக்கு ஜூலை மாதமே தெரியும். நீ விரலைப் பற்றிக் கேட்ட அன்றைக்குத் தெரியவில்லை, பாறைச் சண்டை என்று விளக்கம் எழுதினாயே, அன்றைக்குத் தெரிந்தது. நீ தப்பவிட்ட சிங்கத்தைப் பற்றி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. சாப்பிடும்போதும் அதையேதான் புலம்புவாய். இந்தச் சிங்கத்தைப் பற்றி இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அது தப்பிப் போனதில்லை, விடப்பட்டது. விதைக்கு விடுகிற வழக்கத்தை உலீசஸ் ஒருமுறை உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறான். அவர் என்னிடம் சொன்னார். என் தம்பி என் தலையில் அதை விடமாட்டான் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஏன் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன் என்று கேட்பாய். வேறு யாரைக் கூப்பிடுவது?

ஆய்வாளர் நல்ல மனிதர். பொடியன், கம்பளிக் கழுத்துத்துணி கட்டியிருந்தார், சிங்கத்தைப் பூமா பூமா என்று பள்ளிக்கூடத்து வார்த்தையாகவே பேசினார். இரண்டு முறை எண்ணினார். நசீப்பின் கிடாய்களையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒன்பது போய்விட்டது. காது வெட்டாத குட்டிகள் கண் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றை எண்ணக் கூடாதா என்று கேட்டேன். "சட்டம் இடம் கொடுக்கலீங்கம்மா. நான் எழுதினாலும் மேல அடிச்சிருவாங்க" என்றார்.

லோகன் துரையும் கூட வந்திருந்தார். ஊற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "உன் தம்பி மாதிரி சிங்கக்காரன் இந்த மாகாணத்துலயே இல்ல. அப்புறம் எப்படி உன்கிட்ட ஒண்ணு வந்துச்சு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பிழைப்பு அன்றே முடிந்திருக்கும். எந்தப் பண்ணையிலும் உன்னை வாசலில் சேர்க்க மாட்டார்கள். வாய் வரைக்கும் வந்தது.

"மலை பெருசு துரை" என்றேன்.

இதை உன் மேல் உள்ள பாசத்தால் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நம் இரண்டு பேரில் ஒருவராவது கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்றுதான்.

ஜனவரி பத்துக்குள் காலி செய்ய வேண்டும். ஆடுகளை நசீப் வாங்கிக்கொள்கிறார். ரியோ கயேகோஸில் அவருடைய மைத்துனி ஒரு தங்கும் விடுதி வைத்திருக்கிறாள், துணி துவைக்க ஆள் வேண்டுமாம்.

எதெல்வினா


அகுவா ஃபிரியா
9 மார்ச் 1958

அக்கா,

மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன். துரை என்னை உன் வீட்டில் குடிவைத்திருக்கிறார். பிப்ரவரி முதல் தேதி கூப்பிட்டு, "ஊத்துப் பக்கம் ஆள் வேணும். உனக்குப் பழகின இடம்தானே, நீயே போயி இரு" என்றார். மறுத்தேன். மறுத்தால் கணக்கு முடித்துக்கொண்டு போகலாம் என்றார். போயிருக்கலாம். போகவில்லை. மே மாதத்தில் வாசலில் நின்ற அதே ஆள்தான் நான்.

பத்து நாள் உள்ளே படுக்கவில்லை, தொழுவத்தில் படுத்தேன். பிறகு மழை வந்தது.

அவளைக் கொன்றுவிட்டேன். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி, காலை வெளிச்சத்தில், உன் ஓடைக்கு மேலே இருக்கும் குகையில். துரை இரண்டு புது நாய்கள் கொடுத்திருந்தார். அவள் ஓடக்கூட இல்லை. வளர்ந்த குட்டிகள் இரண்டும் உள்ளே இருந்தன. அவற்றையும் முடித்தேன். யாரையும் விதைக்கு விடவில்லை. தோலைப் பாதங்களோடு உரித்துக் கொண்டுபோய் விரித்தேன். துரை தோலைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பக்கம் இனிமே சிங்கமே கிடையாதா?" என்றார். இல்லை என்றேன். கையைக் குலுக்கினார். குளிர்காலம் முடிகிற வரைக்கும் இங்கே இருந்துகொள், அதற்குப் பிறகு உன் தேவை இருக்காது என்று சொல்லிவிட்டார். வீட்டைப் பிரித்து, பலகைகளை ரோமம் வெட்டும் கொட்டகைக்குப் போடப் போகிறார்களாம்.

பயந்து பயந்து எதைத் தடுக்கப் பார்த்தேனோ அது தன் பாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் உன்னை அழித்ததுதான் மிச்சம். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்குச் சரியாக வரவில்லை.

போல்வரா போன வாரம் செத்துப்போனாள். புது நாய்கள் என் விசிலுக்கு வருவதில்லை.

அடுப்பு புகைகிறது. நீ எப்படித்தான் இதில் சமைத்தாயோ. ராத்திரிக் காற்றில் மேற்குச் சுவர் முனகுகிறது. இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

ரெமிஹியோ


ரியோ கயேகோஸ்
6 ஏப்ரல் 1958

ரெமிஹியோ,

உன் கடிதத்தை இரண்டு வாரம் உறை பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த வீட்டில் கால் வைக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு குளிர்காலம் அடுப்பு எரியாமல் கிடந்தால் வீடு கெட்டுவிடும், ஈரம் ஏறிப் பலகையெல்லாம் விரிந்துவிடும். பிரிப்பதாக இருந்தாலும் நல்ல பலகையாகப் பிரிக்கட்டும். அதனால் எழுதுகிறேன், உனக்காக இல்லை.

அடுப்புக் கதவை நேராக இழுக்கக் கூடாது. கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும், அப்போதுதான் புகையாது. புகைக்குழாயின் வளைவில் மாதம் ஒரு முறை கரியைத் தட்டு. மேற்குச் சுவரில் மூன்றாவது பலகைக்கும் நான்காவதுக்கும் நடுவில் கம்பளியைத் திணித்து வைத்திருந்தேன், எலி இழுத்திருக்கும், மறுபடி திணி. கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. ஊற்றில் தண்ணீர் மொள்ளும்போது வலது பக்கக் கல்லில் நிற்காதே, ஜூனில் அதில் பனிக்கட்டி படர்ந்து வழுக்கும். ஜன்னல் ஓரத்து ஆணியில் தொங்கும் கம்பளிக் கையுறை அவருடையது. உனக்குப் பெரிதாக இருக்கும். போட்டுக்கொள்.

பரண் மேல் ஒரு ஜாடி காலாஃபாத்தே பழ ஜாம் விட்டுவிட்டு வந்தேன். அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டது. கெட்டுப் போவதற்குள் தின்றுவிடு.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேன்.

எதெல்வினா ஒயார்சோ